கேஸ் சிலிண்டரிடமிருந்து ஒரு குரல்செய்தி

நெல்லூரணி கீழரத வீதியில் வைரவநாதன் வீட்டு போன் உடைந்ததற்குக் காரணம் அந்த வீட்டுச் சுவர்தான் என்று இன்றைக்கும் சொல்லுவார்கள். சுவர் மட்டும் அந்த இடத்தில் இல்லாமல் இருந்திருந்தால், அவர் வீசிய போன் அது பாட்டுக்குக் காற்றில் போய்க்கொண்டே இருந்திருக்கும், யாருக்கும் ஒரு சேதமும் வந்திருக்காது. வைரவநாதன் பெரிய மனிதர். சாதிச் சங்கத்தின் செயலாளர், கல்யாண மண்டபத்துக்குப் பொறுப்பாளர், கோயில் கமிட்டியிலும் ஏதோ ஒன்று. பெரிய மனிதர்கள் போனை உடைக்கமாட்டார்கள். போன்தான் அவர்கள் கையிலிருந்து கிளம்பிப் போய் உடைந்துகொள்ளும்.

அந்த போன் அவர் மனைவி பூமயிலுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே மகள் அபிநயா, மதுரையில் தன்னோடு வேலை பார்த்த இளமாறன் என்ற வேறு சாதிப் பையனோடு ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டாள். அந்த வாரமே சங்கக் கூட்டத்தில் வைரவநாதன் மைக்கைப் பிடித்து, தனக்கு மகளே கிடையாது என்று அறிவித்தார். கைதட்டல் நீண்ட நேரம் கேட்டது. பிறகு எல்லோருக்கும் மிக்சரும் டீயும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அபி என்ற பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து பூமயில் போனில் 'கேஸ் சிலிண்டர்' என்று ஒரு பெயர் வாரம் தவறாமல் கூப்பிட ஆரம்பித்தது. வாடிக்கையாளர்மேல் இவ்வளவு அக்கறை உள்ள கேஸ் ஏஜென்சி தமிழ்நாட்டில் வேறெங்கும் இருந்திருக்காது. இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தது. தீபாவளியன்று போன் செய்து அழுதது.

"யாரு?" என்பார் வைரவநாதன், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"கேசு" என்பாள் பூமயில்.

"சரி, பேசு" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்புவார்.

இப்படியே இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். மாசி மாதம் ஒரு காலையில் சங்க ஆண்டுவிழாவுக்கு நாள் பார்க்கத் தலைவர் சொக்கலிங்கமும் இன்னும் சிலரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வைரவநாதனின் அக்கா மீனாளும் இருந்தாள். அந்த வீட்டில் எது நடந்தாலும் மீனாள் இருப்பாள், அவள் இல்லாவிட்டால் அது நடந்ததாக ஊர் ஒத்துக்கொள்ளாது. காபி டம்ளர்களுக்கு நடுவே டீப்பாயில் கிடந்த போன் ஒளிர்ந்தது. கேஸ் சிலிண்டரிடமிருந்து ஒரு குரல்செய்தி. அதுவரைக்கும் சரிதான். ஆனால் கேஸ் சிலிண்டர் அன்று தன் படத்தை மாற்றியிருந்தது. பச்சைப் புடவையில், நிறை வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரித்தது.

மீனாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "கேஸ்காரன் நம்ம அபி சாடையா இருக்கானே" என்றாள்.

அப்புறம்தான் அந்தச் சுவர் குறுக்கே வந்தது.

போன் சாகவில்லை. முகம் மட்டும் கறுத்து, நடுவில் ஒரு பச்சைக் கோடு ஓடி, மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருந்தது. உள்ளே உயிர் இருந்தது; மணி அடித்தது, அதிர்ந்தது, தொட்டால் மட்டும் மதிக்கவில்லை. மகளின் எண் பூமயிலுக்கு மனப்பாடம் கிடையாது. யாருக்கும் யார் எண்ணும் மனப்பாடம் இல்லாத காலம் இது. முகவரியும் தெரியாது, தெரிந்தால் என்றைக்காவது கிளம்பிவிடுவோமோ என்று பயந்து அவள் கேட்டதே இல்லை. அந்தச் செய்தியில் என்ன இருந்தது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தாகவேண்டும். ஆண்டுவிழா வேலையில் வைரவநாதன் வீடு தங்காத ஒரு நாளில், கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, போனை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த 'நியூயார்க் மொபைல்ஸ்' கடைக்குப் போனாள்.

கடைக்காரன் முத்துராக்கு நியூயார்க்கைப் பார்த்ததில்லை. திருச்சி விமான நிலையத்தை வெளியிலிருந்து பார்த்திருக்கிறான். தெரியாது என்ற சொல் அவன் வாயில் வராது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிஸ்ப்ளே போயிருச்சு மதினி" என்றான். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"டிஸ்ப்ளே வேணாம் தம்பி. உள்ள இருக்கறது வேணும். ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜு."

"டேட்டா ரெக்கவரி. பண்ணிருவோம்."

முதலில் சிம்மைக் கழற்றிக் கடையிலிருந்த ஒரு பழைய போனில் போட்டுப் பார்த்தான். எண்கள் எல்லாம் உடைந்த போனுக்குள் இருந்தன, சிம்மில் ஒன்றும் இல்லை. கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்கள் மட்டும் அதில் கூப்பிட்டார்கள், மகள் கூப்பிடவில்லை. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொள்ளும் ரோஷம் அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்திருந்தது. பிறகு முத்துராக்கு சிம்மை எடுத்து உடைந்த போனிலேயே திரும்பப் போட்டான். ஒரு கேபிளில் மவுஸையும் இன்னொரு கேபிளில் கடை டி.வி.யையும் அதோடு மாட்டி, "பேட்டர்ன் லாக் என்ன மதினி?" என்று கேட்டான்.

"பானா."

மவுஸைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் மேல் ஒரு 'ப' போட்டான். டி.வி.யில் ஒன்றும் தெரியவில்லை. போன் மட்டும் ஒரு முறை செருமியது. விரிசல் லேசாக வாய் திறந்தது. அதன் வழியாக ஒரு சிவப்பு ரோஜா, காம்போடும் முள்ளோடும் பனித்துளியோடும், கண்ணாடி மேஜைமேல் விழுந்தது. இதழில் 'இனிய காலை வணக்கம்' என்று எழுதியிருந்தது.

முத்துராக்கு அதை எடுத்து முகர்ந்து பார்த்தான். "ஓப்பன் ஆயிருச்சு" என்றான். அடுத்தது விழுந்தது. அதற்கடுத்தது. "முதல்ல வந்து சேர்ந்தது முதல்ல வெளிய வரும். உங்க மெசேஜு கடைசியா வந்ததுங்கறீக. அப்ப கடைசியாத்தான் வரும். கேபிளை மட்டும் யாரும் புடுங்கப்படாது."

"எம்புட்டு நாளாகும்?"

"அது நீங்க எத்தனை குரூப்ல இருக்கீகங்கறதப் பொறுத்தது."

பூமயில் குடும்ப குரூப்பில் இருந்தாள், சங்க மகளிர் குரூப்பில் இருந்தாள், கோயில் குரூப்பில் இருந்தாள், யோகா குரூப்பில் ஒருவர் சேர்த்துவிட்டு இறந்துபோனதால் வெளியே வரத் தெரியாமல் இருந்தாள். ஆகவே ரோஜாக்கள் வந்துகொண்டே இருந்தன. கடை நிரம்பி, படி இறங்கி, சாக்கடைமேல் பாலம் கட்டி, பஸ் ஸ்டாண்டுக்குள் போயின. முதல் நாள் ஜனங்கள் சுற்றிப் போனார்கள். இரண்டாம் நாள் கூடையோடு வந்தார்கள். வாடாத பூ, முதல் போடவேண்டாத பூ, ஒரே ஒரு குறைதான், எழுத்து அழியாது. அந்தப் பங்குனியில் நெல்லூரணியில் நடந்த கல்யாணங்களில் எல்லாம் மணமக்கள் 'திங்கட்கிழமை நல்வாழ்த்துகள்' என்று எழுதிய மாலையை வெள்ளிக்கிழமை மாற்றிக்கொண்டார்கள், யாரும் அதை அபசகுனமாக நினைக்கவில்லை, அழகாக இருந்தது என்றே சொன்னார்கள்.

பிறகு சாமிகள் வந்தார்கள், ஜிகினா ஒளிவட்டத்தோடு. பகிராவிட்டால் கெடுதல் வரும் என்று கீழே எழுதியிருந்ததால் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள், பக்கத்து வீட்டார் அதற்கடுத்த வீட்டில் வைத்தார்கள், இப்படியே அந்தச் சாமிகள் ஊரைச் சுற்றி வந்தார்கள். பிறகு சர்க்கரை வியாதியை ஒரே வாரத்தில் விரட்டும் பச்சைச் சாறுகள் டம்ளர் டம்ளராக வந்தன. குடித்தவர்களுக்குச் சர்க்கரை போகவில்லை, மற்றதெல்லாம் போனது. பிறகு விசேஷ வீட்டுப் படங்கள் வந்தன. பந்தியில் எடுத்த பிரியாணிகள் ஆவி பறக்க இறங்க, டவுன் பஸ்கள் அங்கே வழக்கத்தைவிட நேரம் நின்றன. நகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்து, இது மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று ஒரு மதியம் முழுக்க யோசித்து, கையில் ஒரு பொட்டலத்தோடு திரும்பிப் போனார்.

வைரவநாதனுக்குச் செய்தி போனபோது முதலில் முகம் கறுத்தது. ஆனால் கடை வாசலில் கூட்டம் அவருக்கு வழிவிட்டு, "உங்க வீட்டு போனாமே" என்று கும்பிட்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அதற்கப்புறம் தினமும் வெள்ளைச் சட்டையில் வந்தார். தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டபோது, குடும்ப ஒற்றுமைக்குக் கிடைத்த பலன் இது என்றார். உள்ளே பிளாஸ்டிக் ஸ்டூலில் பூமயில் கால் வலிக்க உட்கார்ந்து, விழுகிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டியில் அவளும் மூலையில் தெரிந்தாள். முத்துராக்குவின் வேலைக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

"என்ன மதினி, வந்துருச்சா?" என்று முத்துராக்கு காலையில் கடை திறக்கும்போது கேட்பான், கடை அவனுடையதல்ல என்பதுபோல.

"இன்னும் போன பொங்கலுக்கு முந்தின பொங்கலே வரல" என்பாள்.

பங்குனி முடியும்போது படங்கள் ஓய்ந்து குரல்கள் வர ஆரம்பித்தன. அபி வீட்டை விட்டுப் போன வாரத்துக் குரல்கள். குடும்ப குரூப்பிலும் மற்ற குரூப்புகளிலும் அன்று யார் யார் என்ன பேசினார்களோ அதெல்லாம், அவரவர் தொண்டையோடு, கோயில் ஒலிபெருக்கி அளவுச் சத்தத்தில் விரிசலிலிருந்து கிளம்பிக் கீழரத வீதியில் நடந்தது. பூமயில் இவற்றை எல்லாம் ஏற்கெனவே கேட்டிருந்தாள். அடுப்படியில், மிக்சியைப் போட்டுவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு. மீனாளின் குரல் வந்தது. "பெத்தவ வளத்த லட்சணம் அப்புடி. எங்க தம்பி என்ன பண்ணுவான் பாவம். அவளையும் சேத்து வெளிய அனுப்பிட்டு வேற ஏற்பாடு பண்ணச் சொல்லுங்க" என்றது. அப்போது மீனாள் கடை வாசலில் பூமயிலுக்காகக் கொண்டுவந்த சுக்குக்காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் மீனாளைப் பார்த்தது. மீனாள் வானத்தைப் பார்த்தாள்.

"ஏஐ" என்றாள். "இப்பல்லாம் குரல அச்சு அசலா செய்யுறானுகளாம். பேப்பர்ல போட்டிருந்துச்சு."

அந்தச் சொல் அன்று நெல்லூரணிக்குள் வந்தது. வந்த வேகத்தில் குடியேறியது. அதன் அர்த்தம் யாருக்கும் தெரியவேண்டியிருக்கவில்லை. சொக்கலிங்கத்தின் குரல், பெண்ணைப் பிடித்து வந்து என்ன செய்யவேண்டும் என்று விவரமாகச் சொன்னபோது அவர் ஏஐ என்றார். பூமயிலைப் பார்த்தால் உருகிப்போகும் எதிர்வீட்டு டீச்சரம்மாவின் குரல், அந்த வீட்டுக்கு இது வேண்டியதுதான் என்று சிரித்தபோது அவளும் ஏஐ என்றாள். அவரவர் குரல் மட்டும்தான் ஏஐ. அடுத்தவர்களுடையதெல்லாம் சத்தியமான குரல் என்று ஊர் நம்பியது. இதனால் அந்த வீதியில் யாரும் யாரோடும் பேசமுடியாமல் போய், மார்க்கெட்டில் கையைக் காட்டிக் காய் வாங்கினார்கள்.

கடைசியில் சங்கம் கூடியது. போனிலிருந்து எடுத்தது போதும், கேபிளைப் பிடுங்கிவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பிடுங்கவேண்டியவர் செயலாளர். போன் அவருடைய வீட்டுச் சொத்து.

சித்திரை வெயிலில் எல்லோருமாகக் கடைக்கு வந்தார்கள். பூமயில் ஸ்டூலிலிருந்து எழுந்தாள், கேபிளுக்கு முன்னால் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் வழியில் நின்றதில்லை; அதனால் எப்படி நிற்பது என்று தெரியாமல், பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாங்க. அது வந்துரட்டும்."

"தள்ளு, பூமயிலு."

"எம் புள்ள என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"எல்லாரும் பாக்குறாக. தள்ளு."

அவர் அவளைச் சுற்றிக் கையை நீட்டினார். அப்போது போனிலிருந்து அவருடைய குரலே வந்தது. மைக்கில் வருகிற குரல் இல்லை. யாரோ பக்கத்து அறையில் தூங்குகிறார்கள் என்பதுபோலத் தணிந்த குரல்.

"பூமயிலு. கேஸ் இந்த வாரம் பேசலையே. ஒடம்பு கிடம்பு சரியில்லையா? என்னன்னு கேளு."

பூமயில் திரும்பினாள். அவரிடமிருந்து அவ்வப்போது அவள் போனுக்கு ஒன்று வரும், திறப்பதற்குள் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் இருக்கும். சங்கத்துக்குப் போகவேண்டியது தவறி வந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். அவர் நீக்கியதையும் போன் வைத்திருந்தது.

"இன்னைக்கு அதுக்குப் பொறந்தநாளு" என்றது அந்தக் குரல் மறுபடி. "பேசினா, கேட்டாகன்னு சொல்லு. நான்னு சொல்லாத. சும்மா, கேட்டாகன்னு மட்டும். இல்ல, வேணாம். ஒண்ணும் சொல்லாத."

இரண்டு வருஷமாகப் பேப்பருக்குப் பின்னால் இருந்தவரைப் பூமயில் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தெரிந்தே இருந்திருக்கிறார். தெரிந்துகொண்டேதான் எறிந்தும் இருக்கிறார், ஏனென்றால் அன்று கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள்.

"உங்க கொரலா அது?" என்று சொக்கலிங்கம் கேட்டார்.

வைரவநாதன் போனைப் பார்த்தார், பூமயிலைப் பார்த்தார், தன் வெள்ளைச் சட்டையையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "இல்ல" என்றார். "ஏஐ."

ஆனால் நீட்டிய கை கேபிளுக்கு ஒரு சாண் முன்னால் அப்படியே நின்றது. பிடுங்கவில்லை. அந்த நேரத்தில் கடைசிச் செய்தி வந்தது.

"அம்மா, நான்தான். போட்டோ பாத்தியா? வேணும்னேதான் மாத்துனேன். எத்தனை நாளைக்கும்மா நான் சிலிண்டராவே இருக்கறது? டாக்டரு அடுத்த வாரம் அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க. இவரோட அம்மாவால நடக்க முடியாது. எனக்குப் பயமா இருக்கு. நீ கூட இருந்தா நல்லா இருக்கும். நாகமலை புதுக்கோட்டை, வாட்டர் டேங்குக்கு எதுத்தாப்புல, மாடி வீடு. பச்சை கேட்டு. வர முடியலைன்னாலும் பரவாயில்லம்மா. சாப்பிட்டியா?"

பச்சைக் கோடு ஒரு முறை மினுங்கி அணைந்தது. விரிசல் மூடிக்கொண்டது. அடுத்த வாரம் என்று அவள் சொன்னது மாசி மாதத்தில்.

பூமயில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படி இறங்கினாள். கூட்டம் விலகியது.

"எங்கம்மா போறீக?" என்றார் சொக்கலிங்கம், அதிகாரமாகத்தான் ஆரம்பித்தார்.

"அதான் நீங்களும் கேட்டீகள்ல" என்றாள். "பச்சை கேட்டு."

அவள் மதுரை பஸ்ஸில் ஏறியதை ஊரே பார்த்தது. ஆனால் சங்கம் சாயங்காலம் மறுபடி கூடி, போனில் வந்தவை அனைத்தும் ஏஐ, ஆகவே அப்படி ஒரு செய்தி வரவில்லை, வராத செய்தியைக் கேட்டு யாரும் கிளம்பியிருக்க முடியாது, ஆகவே பூமயில் ஊரில்தான் இருக்கிறாள் என்று முடிவு செய்தது. அவள் வீட்டு வாசலில் கோலம் இல்லாததைப் பற்றி மீனாள் கேட்டதற்கு, அதுவும் ஏஐயாக இருக்கும் என்றார்கள். செயலாளர் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, வந்ததாக எழுதிக்கொண்டார்கள்.

அவர் அதே பஸ்ஸில் இருந்தார். பூமயில் நடுவில் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்; அவர் முன்படியில் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவள் நாகமலைக்கு டவுன் பஸ் மாறினாள். அவரும் மாறினார். வாட்டர் டேங்கில் அவள் இறங்க, அவரும் இறங்கி, எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய், வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பக்கம் நிலம் பார்க்க வந்தவர்போல நின்றார்.

பச்சை கேட் திறந்தே கிடந்தது. மாடி ஏறிப் போய் அவள் கதவைத் தட்டினாள். அபிநயா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, தோளில் ஒரு குழந்தை தூங்கியது. தொட்டிலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த இளமாறன் ஸ்டூல் மேலேயே நின்றுவிட்டான்.

"மெசேஜ் இப்பத்தான் கேட்டேன்" என்றாள் பூமயில்.

மகள் குழந்தையை அவள் கையில் வைத்தாள். பெண் குழந்தை. நெற்றி வைரவநாதன் நெற்றி. அதை ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பிறகுதான் அபிநயா அழுதாள், அதுவும் ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டே அழுதாள். பூமயில் தடுக்கவில்லை. நாலு வார்த்தை கூடத் திட்டட்டும் என்று நின்றாள்.

கொஞ்சம் கழித்து ஜன்னல் பக்கம் போன அபிநயா அங்கேயே நின்றாள். "அம்மா, டீக்கடையில நிக்கறது யாரு?"

பூமயில் எட்டிப் பார்க்கவில்லை. "யாருமில்ல. நிலம் பாக்க வந்தவுக."

"மாடியத்தான் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"பாப்பாவ ஜன்னல்கிட்ட கொண்டுவரவா?"

"வேணாம்" என்றாள் பூமயில். "பாக்கணும்னா படியேறி வரட்டும்."

அவர் இரண்டாவது டீ குடித்தார், மூன்றாவதும் குடித்தார். வெயில் சாய்ந்து டேங்கின் நிழல் ரோட்டைத் தாண்டியது. பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது, பாதியில் நின்றது, நெடுநேரம் கழித்து மறுபடி ஏறியது. கதவு திறந்தேதான் இருந்தது. நிலைப்படிக்கு வெளியே நின்று செருப்பைக் கழற்றினார். மைக் இல்லாத அந்த இடத்தில் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றார் கதவிடம். அப்புறம் மகளைப் பார்த்தார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

அபிநயா உள்ளே போனாள். அவர் குழந்தைக்காக இரண்டு கையையும் நீட்டினார். பூமயில் கொடுக்கவில்லை.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

இளமாறன் ஸ்டூலிலிருந்து இறங்கிக் குழாய் இருக்கும் இடத்தைக் காட்டினான். வைரவநாதன் போனார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.